ஆயிரம் ரூபாயும் ஓர் அக்காவும்

புதுமைப்பெண் திட்டத்தில்தான் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அப்புறமும் பெண்கள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று சென்னை உறவினர் ஒருவர் கேட்டார். தாராசுரத்தில் பட்டுத்தறி வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தறி ஒரே ஆள் வேலை கிடையாது. குழித்தறியில் அப்பா உட்கார்ந்தால் நூல் இழைக்க அம்மா, ஊடை நூலைச் சிறு குழலில் ஏற்றித் தார் சுற்ற மகள். கூலி சேலைக்குத்தான், தார் சுற்றுகிற கைக்குத் தனியாக எதுவும் இல்லை. பிளஸ் டூ வரை பள்ளிவிட்டு வந்து சுற்றிவிடுவாள். கும்பகோணம் கல்லூரியும் நாலு கிலோமீட்டர் தூரத்தில்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனாலும் வகுப்பு, லைப்ரரி, பரீட்சை என்று ஆகிவிட்டால் வீட்டில் ஒரு கை குறைகிறது. இந்தக் கணக்கை எந்த வழிகாட்டிக் கூட்டத்திலும் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

புதுமைப்பெண் திட்டத்தின் பூர்வீகம் வேடிக்கையானது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கியபோது அது திருமண உதவி. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிற்பாடு பத்தாவது என்றார்கள். 2011இல் தாலிக்கு நாலு கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டதாரி என்றால் 50,000 ரூபாய். "பத்தாவது பாஸ் பண்ணிட்டா பணம் வந்துடும்ல டீச்சர்?" என்று கேட்ட அப்பாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்காகவாவது பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம், அதுதான் புதுமைப்பெண். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், முடிக்கும்வரை பணம் அவள் கணக்குக்கே வரும்.

அம்மையார் நம் டெல்டாக்காரர்தான். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கம். பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்ட குழந்தை அவர் என்பார்கள். பொட்டுக்கட்டும் தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார், 1936இல் நாவலே எழுதினார். 1947இல் தடைச்சட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 1962இல் காலமானார். தாலிக்குத் தங்கம் கொடுக்கும் திட்டத்தில் அவர் பெயர் இருந்தது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். இப்போது பொருந்துகிறது.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பணம் வரவே இல்லை. பள்ளி உதவித்தொகைக்கு ஒரு வங்கியில் கணக்கு, கல்லூரியில் சொன்னார்கள் என்று இன்னொன்று. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் இப்படிப்பட்ட பணம் போகும். இதை அவளுக்கு யார் சொல்வது? பெற்றவர்கள் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எதிர்வீட்டு அக்கா, மூன்றாம் ஆண்டு படிப்பவள், விஷயத்தைச் சொல்லிக் கூடவே வங்கிக்கும் போனாள். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு என்ன கேட்பார்கள், அரியர் விழுந்தால் எப்போது பணம் கட்டுவது, அதை வீட்டில் எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் அவள்தான்.

நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று அரசு 2022இல் தொடங்கியவை நல்ல காரியங்கள். என்னென்ன படிப்பு இருக்கிறது என்று அரங்கு நிறையப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பிளஸ் டூ முடித்து எங்கும் சேராதவர்களைத் தேடி 'உயர்வுக்குப் படி' முகாம்கூட நடக்கிறது. ஆனால் முக்கியமான சந்தேகங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் முளைக்கும். தலைமைப் பண்பு என்று மேடையில் மைக் பிடிக்கப் பழக்குகிறார்களே, எனக்கென்னவோ கவுண்டரில் நின்று "என் பணம் ஏன் வரலை சார்?" என்று கேட்கத் தெரிவதுதான் அதில் முதல் பாடம் என்று படுகிறது.

கூடவே ஓர் அக்கா வேண்டும் என்பது சகோதரி சுப்புலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. தஞ்சைச் சீமையின் ரிஷியூர்க் குடும்பம், பால்ய விதவை. 1911இல் பி.ஏ. முடித்தவர், தன்னைப் போன்ற நாலு பெண்களை எழும்பூரில் தன்னோடு வைத்துக்கொண்டு படிக்கவைத்தார். வீட்டுப் பொறுப்பு சித்தி வாலாம்பாளுக்கு, அவரும் விதவை. பின்னால் மெரினா ஐஸ் ஹவுஸில் அது பெரிய விடுதியானது, பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்பது அதன் பெரிய குறை. ஆனாலும் அந்த வழியில் முன்னே நடந்தவரே கூட இருந்தார்.

சரி, தார் யார் சுற்றுவது? நானும் எதிர்வீட்டு அக்காவும் போய், பணம் வராமலிருந்த பெண்ணின் அப்பாவிடம் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை மகள், மற்ற நாள் அவள் தம்பி என்று முடிவானது. தம்பி அரசுப் பள்ளியில் பத்தாவது. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் இதேபோலத் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்துவிட்டதே, இவனும் கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்பா இப்போதே கேட்கிறார். மோட்டார் வைத்த தார் மெஷின் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.