துவக்கைத் துப்புரவு செய்யக் கருவி வாங்குகிறீர்களா?

பயிர்ப் பாதுகாப்புக்காகவோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காகவோ அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் வர்த்தகர்கள் நம் மத்தியில் உள்ளனர். ஆயுதத்துக்குப் பெருந்தொகை செலவிடும் இவர்களில் சிலர், அதைத் துப்புரவு செய்யும் கருவிகளை வாங்கும்போது விலையை மாத்திரமே பார்க்கின்றனர். சுட்டுத் தேய்வதற்கு முன்பே, பிழையான கருவியால் தேய்த்துப் பழுதான குழல்களும் உண்டு.

கடைத் தராசு பழுதானால் மறுநாளே வேறொன்று வாங்கலாம். துவக்கு அப்படியல்ல. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். எனவே இருப்பதைப் பேணுவதே இலாபம்.

எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம்

எல்லா வகைத் துவக்குக்கும் பொருந்தும் எனப் பல உருப்படிகளுடன் விற்கப்படும் பெட்டிகளில், உங்களுக்கு உதவுபவை நான்கைந்தே. 12 போர் துவக்கின் குழல் விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர்; .22 ரைபிளினது சுமார் 5.6 மில்லிமீற்றர். ஒன்றின் தூரிகை மற்றதற்கு ஆகாது. உங்கள் குழலின் அளவைச் சொல்லி, அதற்குரியதை மாத்திரம் வாங்குங்கள்.

எதில் செலவிடுவது?

ரைபிள் வைத்திருப்பவர் முதலில் பணம் போட வேண்டியது துப்புரவுக் கோலில். துண்டு துண்டாகப் பூட்டும் மலிவான அலுமினியக் கோல் அழுத்தும்போது வளையும். அதன் பொருத்துகள் குழலின் உட்சுவரில் உரசும். மெதுவான அந்த உலோகத்தில் மணல் துகள் பதிந்தால் அதுவே அரத்தாள் போலாகிவிடும். மேற்பூச்சுள்ள ஒரே நீள உருக்குக் கோல் அல்லது காபன் நார்க் கோல் நல்லது. ரைபிள் குழலின் உள்ளே திருகு வரிகள் உண்டு. தூரிகை அவற்றின் வழியே சுழன்று செல்ல, கைப்பிடி தடையின்றிச் சுழல வேண்டும். வரிகளற்ற அகன்ற குழலுள்ள 12 போர் துவக்குக்கு, மரத்தாலான மூன்று துண்டுக் கோலே போதும்.

தூரிகை வெண்கலக் கம்பியாலானதாக இருக்கட்டும். அது குழலின் உருக்கை விட மெதுவானது. துருப்பிடிக்காத உருக்குத் தூரிகையைத் தவிருங்கள். செப்புப் படிவை நீக்கும் திரவம் பாவித்தால் நைலோன் தூரிகையே சரி. அத்திரவம் வெண்கலத்தையும் கரைத்துத் துணியில் நீலப்பச்சைக் கறையை உண்டாக்கும். புதியவர் அதை அழுக்கென எண்ணித் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

கரைப்பான் வேறு, எண்ணெய் வேறு

கரைப்பான் அழுக்கை நீக்கும். எண்ணெய் துருவைத் தடுக்கும். மண்ணெண்ணெய் கரியை இளக்கும், ஆனால் பாதுகாப்புத் தராது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். எனவே மலைநாட்டுக் குளிருக்கு அது சற்றும் ஆகாது. உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களில் துவக்கு எண்ணெய் அவசியம். மெல்லிய பூச்சே போதும். கூடினால் மரப்பிடிக்குள் ஊறி அதைக் கெடுக்கும்.

துணிக்குச் செலவே வேண்டாம். பழைய பருத்தி பனியனை அளவாக வெட்டினால் போதும். ஆனால் உள்ளே போன துண்டுகளை எண்ணி வெளியே எடுங்கள். குழலில் ஒன்று தங்கிவிட்டால், அடுத்த வெடியில் குழலே வெடிக்கலாம்.

கடைக்காரரிடம் கேளுங்கள்

தூரிகை தேயும் பொருள். மாற்றுத் தூரிகை தனியாகக் கிடைக்குமா, அதன் புரி உங்கள் கோலுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அமெரிக்கத் தயாரிப்புக்கும் பிரித்தானியத் தயாரிப்புக்கும் புரி வேறுபடலாம். மாற்று கிடைக்காத பெட்டி எவ்வளவு மலிவானாலும் நட்டமே. இவற்றை விற்பனைக்கு வைக்க எண்ணுவோரும் இதைக் கவனித்தால், வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

வேலையைத் தொடங்குமுன் துவக்கில் தோட்டா இல்லையென இரு தடவை பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். இயன்றவரை பின்புறத்திலிருந்து வாய்ப்புறமாகத் துப்புரவு செய்யுங்கள். ரைபிள் குழலின் வாய் விளிம்பு சிதைந்தால் குறி தவறும். முடிந்ததும் கன்வஸ் உறையிலோ தோல் உறையிலோ நெடுநாள் வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நல்ல கோல், அளவான தூரிகை, கரைப்பான், எண்ணெய், பழைய துணி. ஆரம்பிப்பவருக்கு இந்த ஐந்தும் போதும்.