பெயர்ப் பலகையைப் பார்த்தா பிள்ளையைச் சேர்ப்பது?

தீபாவளி நெருங்கினால் தங்காக் துணிக்கடைகளில் நம் தாய்மார்களைப் பார்க்க வேண்டும். சேலையை விரித்துப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். சாயம் போகுமா என்று நான்கு முறை கேட்பார்கள். இரண்டு வருடத்தில் வெளுத்துப்போகும் சேலைக்கு இத்தனை சோதனை! பெற்ற பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் பலர் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையோடு நின்றுவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்துத் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் பட்டணத்துப் பாலர் பள்ளி ஒன்றின் விளம்பரத் தாள்.

"டீச்சர், இங்கே மாண்டிசோரி முறையாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன். பிள்ளையைப் போடலாமா?"

"உள்ளே போய்ப் பார்த்தீர்களா அம்மா?"

"இல்லீங்க டீச்சர்."

மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலிய டாக்டர். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆக, நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளிடம் தொடங்கிய முறை அது. பிள்ளை தானே தண்ணீர் ஊற்றும், பொத்தான் போடும், பொருள்களைத் தரம் பிரிக்கும். விரல் பழகினால் எழுத்து பின்னால் வரும். இதற்குப் பணக்காரப் பள்ளிதான் வேண்டுமென்பதில்லை. பச்சைப்பயற்றையும் கடலையையும் கலந்து கொடுத்தால் வீட்டிலேயே பிள்ளை பிரித்து வைக்கும். பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. உள்ளே அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

காலை பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, ஓடியாட இடம் இருக்கிறதா, கழிவறை சுத்தமா, வெளிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் இல்லை. ஆசிரியரோடு ஓர் உதவியாளரும் உண்டு. தனியார் பள்ளியானால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களும் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். (நம் பெற்றோர் காலத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாய்த் தொங்கிய ஏணைகள் நினைவிருக்கிறதா? பாலூட்டி உறங்கவைத்தாலே பெரிய காரியம் அன்று.)

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு வகுப்பில் பல வருடங்களாக ஒன்றைப் பார்க்கிறேன். ஆங்கில எழுத்துகளையும் நூறு வரை எண்களையும் கடகடவென்று ஒப்பிக்கும் சில பிள்ளைகள், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றால் விழிக்கிறார்கள். பாட்டியிடம் வாயடித்துத் தமிழில் கதை சொல்லி வளர்ந்த பிள்ளையோ, மலாயையும் ஆங்கிலத்தையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. பல தமிழ்ப்பள்ளிகளில் கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு இருக்கிறது. தமிழில் நடக்கும் அந்த வகுப்பில் மற்ற இரு மொழிகளையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

கம்பத்திலுள்ள கெமாஸ் தபிகாவை நான் குறைத்துப் பேசமாட்டேன். விடியுமுன் தூக்கத்திலேயே பிள்ளையை வேனில் ஏற்றுவதைவிட, நடந்து போகும் தூரத்துத் தபிகா எவ்வளவோ மேல். அங்கே மலாய் நன்றாக வந்துவிடும். ஆனால் இரவில் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, பிள்ளையோடு தமிழில் பேசும் பொறுப்பு உங்களுடையது.

அந்தத் தாய் மறுவாரம் திரும்பி வந்தார். "கடைவீட்டு மாடியில் நாற்பது பிள்ளைங்க, ஒரே டீச்சர். எல்லாரும் வாயில் விரலை வச்சு உட்கார்ந்திருக்காங்க" என்றார். மகளைத் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் சேர்த்தார்.

எங்கே சேர்ப்பதானாலும் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். பிள்ளைக்கு இன்னும் பிறப்புப் பதிவே இல்லையென்றால் சேர்க்கும் மாதம் வரை காத்திருக்காதீர்கள். தாமதப் பதிவுக்கு விசாரணை மாதக்கணக்கில் நீளும். அடுத்த விடுமுறை நாளுக்குத் தள்ளிப்போடாமல், ஒரு நாள் லீவு எடுத்தாவது இந்த வாரமே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள்.