நிரல் ஓடினால் ஆய்வு ஆகிவிடுமா?

பெற்றோர்களே! எம்.எஸ்ஸி., எம்.இ. கணினி அறிவியல் படிக்கும் உங்கள் மகனோ மகளோ இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எனப் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "நீ எதைக் கண்டறியப் போகிறாய்?" "ஒரு மென்பொருள் செய்யப் போகிறேன்" என்பது அதற்கு விடையன்று. புராஜெக்ட் செய்து விற்கும் கடைகள் நகரங்களில் உண்டு. ஓடுகின்ற நிரலை அங்கே வாங்கிவிடலாம். ஆய்வுமுறையைக் கற்றுத்தான் ஆகவேண்டும்.

எங்கள் கருணாபுரத்திற்கு மேற்கே உள்ள மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தமிழை, நகரத்துத் தமிழைப் போலவே அது சரியாக எழுதுகிறதா? இது ஆய்வுக்குரிய வினா. ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். அளவுகோலும் உண்டு: பேசிய நூறு சொற்களுக்கு எத்தனை பிழை?

மாணவர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. மலையில் திறந்த வெளியிலும் நகரத்தில் மூடிய அறையிலும் ஒலிப்பதிவு செய்தால், பிழை மிகுந்தது பேச்சுவழக்கினாலா, காற்றின் இரைச்சலினாலா? ஒரே கருவி, ஒத்த சூழல், ஒத்த வயதினர், இருபாலார் என்று நிறுத்திய பிறகே ஒப்பீடு செல்லும். மென்பொருளைத் திருத்திப் பயிற்றுவிப்பதாயின், பயிற்சிக்குக் குரல் தந்தவரைச் சோதனையில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால், வினாத்தாளை முன்னரே காட்டிவிட்டுத் தேர்வு வைத்தது போலாகும். எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி, பேசுவோரின் இசைவைப் பெறுவதும் ஆய்வில் சேர்ந்ததே.

இத்தகைய ஆய்வொன்றை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்டனர். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்ததில், வெள்ளையர் பேச்சில் 100 சொற்களுக்குச் சராசரியாக 19 பிழைகள். கறுப்பினத்தவர் பேச்சில் 35. கவனியுங்கள், அவர்கள் புதிய மென்பொருள் எதையும் செய்து காட்டவில்லை. அளந்தார்கள், அவ்வளவே.

முந்தைய ஆய்வுகளைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. 'இன்னார் இதைச் செய்தார், இன்னார் அதைச் செய்தார்' என்று அடுக்கினால் போதாது. அவர்கள் எதை அளக்காமல் விட்டார்கள் என்று தேட வேண்டும். பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னு ஹைதம், தாலமியின் வானியலை ஆழ்ந்து கற்று, அதிலுள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டத் தனி நூலே எழுதினார்.

பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க, பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்தது. 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. விலைக்கு வாங்கிய அறிக்கையும் அதற்குள் அடங்கிவிடக்கூடும்! ஆயினும், "இந்தக் குரல்களை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்கும்போது, பதில் சொல்ல விற்றவர் வரமாட்டார்.

முனைவர் பட்டத்திற்குச் செல்வோர் குறைந்தது 12 கிரெடிட் பாடங்களைப் படிக்கவேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு விதி. ஆய்வுமுறையும் ஆய்வு அறநெறியும் அவற்றில் அடங்கும். முதுகலையிலேயே ஒரு சிறு வினாவை ஒழுங்காக அளந்து பார்த்தவருக்கு அவை புதியனவாக இரா.