வழிச்செலவுக்குக் காசில்லாமல் நின்றுபோகும் ஆய்வுகள்: பல்கலைக்கழகச் சிறு மானியத்தைக் கேட்பது எப்படி?

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் நம் மாணவர்கள் பலர் மனத்தில் இரண்டு தலைப்புகளோடு விரிவுரையாளரைப் பார்க்கப் போகிறார்கள். ஒன்று, உண்மையிலேயே செய்ய ஆசைப்படுவது. லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டி பாடிய தாலாட்டு, தோட்டத்துத் திருவிழாவில் தாத்தா கட்டிய கூத்து வேஷம் என்று ஏதாவது ஒன்று. இன்னொன்று, நூலகத்தை விட்டு வெளியே போகாமலே முடித்துவிடக்கூடியது. முதல் தலைப்பை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே இரண்டாவதை நீட்டிவிடுகிறார்கள்.

ஆர்வம் இல்லாததால் அப்படிச் செய்வதில்லை. தோட்டத்துக்குப் போக ரயில் டிக்கெட் வேண்டும், உள்ளே போக மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் பணம் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. வீட்டில் கேட்கவும் மனம் வராது. சில நூறு ரிங்கிட் இல்லாததால் ஓர் ஆய்வு நின்றுபோகிறது. எழுபது, எண்பது வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிற பாட்டும் கதையும் பதிவாகாமல் போய்விடுகின்றன.

இந்தச் சில நூறு ரிங்கிட்டைப் பல்கலைக்கழகத்திடமே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர், அதெல்லாம் கெட்டிக்கார மாணவர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

பணம் எங்கே இருக்கிறது?

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே பெயரில் ஒரே மானியம் இருப்பதில்லை. அதனால் அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பினால் கண்ணில் படாது. உயர்கல்வி அமைச்சின் எப்.ஆர்.ஜி.எஸ். போன்ற பெரிய ஆய்வு மானியங்கள் விரிவுரையாளர்களுக்கானவை. இளங்கலை மாணவர் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் மாணவரின் தலைப்பு விரிவுரையாளரின் ஆய்வோடு ஒட்டி வந்தால், பேட்டி எடுக்கவும் தரவு சேகரிக்கவும் அவர் மாணவரைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் தட்ட வேண்டிய கதவு சொந்தத் துறை அலுவலகம். ஆய்வேட்டுக்கான களப்பணிச் செலவுக்குத் துறையிலோ புலத்திலோ உதவி உண்டா என்று அங்குள்ள அலுவலரிடமே கேட்கலாம். அடுத்தது, மாணவர்கள் எச்.இ.பி. என்று சொல்லும் மாணவர் விவகாரப் பிரிவு. நாடகம், கண்காட்சி, குறும்படத் திரையிடல் போன்ற படைப்புத் திட்டங்களுக்கான கெர்தாஸ் கெர்ஜா பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். இந்திய மாணவர் மன்றத்தின் பெயரில் போனால் வேலை சுலபமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. மன்றத்துக்குக் கணக்கு உண்டு, ஆலோசகர் உண்டு, கையெழுத்துப் போடப் பழகியவர்களும் உண்டு.

சிங்கப்பூரில் படிப்பவர்களுக்குப் பாதை இன்னும் தெளிவானது. தேசியப் பல்கலைக்கழகத்தின் யூரோப், நன்யாங் பல்கலைக்கழகத்தின் யுரேகா ஆகியவை இளங்கலை மாணவர்கள் பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்வதற்கென்றே உள்ள திட்டங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சமூகத்துக்குப் பயன்படும் முயற்சி என்றால் தேசிய இளையர் மன்றத்தின் யங் சேஞ்ச்மேக்கர்ஸ் மானியம் இருக்கிறது. மலேசியாவில் பட்டம் முடித்த பிறகும் கலைத்துறையில் தொடர நினைப்பவர்கள் செண்டானா அமைப்பின் அறிவிப்புகளைக் கவனித்துவரலாம்.

ஒரு விண்ணப்பம், இரண்டு விதமாக

தஞ்சோங் மாலிமில் படிக்கும் ஒரு மாணவி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பாடல்களைப் பதிவு செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் விண்ணப்பம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “மலேசியத் தோட்டத் தமிழர்களின் அழிந்துவரும் பண்பாட்டை ஆராய்ந்து பாதுகாத்தல்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தத் தோட்டம்? எத்தனை பேர்? எத்தனை மாதம்? பண்பாடு என்றால் பாட்டா, சமையலா, சாமி கும்பிடுவதா?

அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: “சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த, முன்பு பால்மரம் வெட்டிய எட்டுப் பெண்களிடமிருந்து தாலாட்டையும் ஒப்பாரியையும் நான்கு மாதங்களில் பதிவு செய்தல், அப்பாடல்களில் கலந்திருக்கும் மலாய்ச் சொற்களையும் தோட்டத் தொழிற்சொற்களையும் தொகுத்தல்.” எட்டுப் பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் ஒரு மாணவியால் முடிக்கக்கூடிய எண். சிறு மானியம் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது, கொடுத்த காலத்துக்குள் இந்த வேலை முடியுமா என்பதைத்தான். தலைப்பின் பெருமை அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. விண்ணப்பம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போகும். படிப்பவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை. உயிரியலோ கணக்கியலோ படித்துக்கொடுப்பவராகக்கூட இருக்கலாம். ஒப்பாரி என்ற சொல்லை அப்படியே போட்டுவிட்டுப் போனால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இறந்தவரை நினைத்துப் பெண்கள் அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் பாட்டு என்றும், அதில் இறந்தவரின் வேலை, கடன், பிள்ளைகள், தோட்டத்து நடப்பு எல்லாம் வருவதால் அது ஒரு வாழ்க்கைப் பதிவு என்றும் இரண்டு வரி எழுதினால், கணக்கியல் ஆசிரியருக்கும் அதன் மதிப்புப் புரியும்.

நம் மாணவர்களின் விண்ணப்பங்களில் வறுமையைப் பற்றி நீளமாக எழுதும் பழக்கமும் உண்டு. அப்பா பாதுகாவலர், அம்மா கேண்டீனில் வேலை, ஐந்து பிள்ளைகள். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்கு உரிய செய்தி. ஆய்வு மானியத்துக்கு வேறு பின்னணி உதவும். அந்தத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பாட்டிமார்கள் முன்பின் தெரியாதவரிடம் பாடமாட்டார்கள், தம்மிடம் பாடுவார்கள் என்று எழுதினால் அது ஒரு தகுதி. தோட்டத்தில் பிறந்ததைக் குறையாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கணக்கு எழுதும் இடம்

பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரே வரியில் “இதர செலவுகள் 1,000 ரிங்கிட்” என்று போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். மேலே சொன்ன மாணவியின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கலாம். நான்கு பயணம், போக வர ரயிலுக்கு 60 ரிங்கிட் வீதம் 240. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்குள் போக, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 40. சாப்பாடு 80. கைப்பேசியில் பொருத்தும் சின்ன மைக் 80, மெமரி கார்டு 40. அச்சுச் செலவு 50. பாடும் எட்டுப் பேருக்கும் பழமோ பிஸ்கட்டோ வாங்கிப்போக, தலைக்கு 15 வீதம் 120. மொத்தம் 650 ரிங்கிட். இந்தத் தொகைகள் எடுத்துக்காட்டுதான். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விலையைப் பார்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதனால் இந்தத் தொகை என்று சொல்ல முடிந்தால் போதும்.

கேமரா, மடிக்கணினி என்று பெரிய பொருள்களைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. படிப்பு முடிந்து அந்தப் பொருளை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி உடனே எழும். அத்தகைய கருவிகளைத் துறையிலோ நூலகத்திலோ இரவல் கேட்கலாம். இரவல் வாங்கப்போகும் கருவிகளையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டால், திட்டமிட்டு இறங்கியிருக்கிறார் என்பது தெரியும்.

இனி, யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. மானியம் கிடைத்துவிட்டது என்றால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. பல இடங்களில் முதலில் சொந்தக் காசைச் செலவு செய்து, ரசீதுகளைப் பெண்டஹாரி எனப்படும் நிதிப் பிரிவில் கொடுத்துப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கையில் 240 ரிங்கிட் இருந்தால் அந்த மாணவி எதற்கு மானியம் கேட்கப்போகிறார்? வசதியுள்ள மாணவருக்கு இது சின்ன விஷயம். தோட்டத்திலிருந்து வந்தவருக்குத் திட்டமே நின்றுவிடும் இடம் இது. ஏழை மாணவர்களுக்கென்று எவ்வளவு பேசினாலும், இந்த ஒரு விதியை மாற்றாமல் அந்தப் பேச்சுக்குப் பெரிய பயன் இருக்காது.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே, முன்பணம் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். மலாயில் ‘பெண்டஹுலுவான்’ என்று சொன்னால் நிதிப் பிரிவில் உடனே புரிந்துகொள்வார்கள். மாணவர் பெயரில் முன்பணம் தர முடியாது என்றாலும், மேற்பார்வையாளர் பெயரிலோ மன்றத்தின் பெயரிலோ தர இடமிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் நான்கு பயணத்தையும் ஒரேயடியாகச் செய்யாமல், ஒன்றை முடித்து, அந்தப் பணம் வந்த பிறகு அடுத்ததற்குப் போகும்படி கால அட்டவணையை அமைக்கலாம்.

ரசீது சேர்ப்பதும் ஒரு கலை. தோட்டத்துக் கடையில் ரசீது புத்தகம் இருக்காது. சின்ன ரசீதுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் நிதிப் பிரிவு ஏற்குமா என்று முன்பே கேட்டு வைக்கலாம். மேசின் தரும் ரசீதில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவைப்பது நல்லது.

பாட்டிமார்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்

மனிதர்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தேவைப்படலாம். அதற்கு நாளாகும் என்பதால் மானிய விண்ணப்பத்தோடு சேர்த்தே தொடங்க வேண்டும். சம்மதப் படிவத்தை மலாயில் அச்சடித்து எழுபது வயதுப் பாட்டியிடம் நீட்டி ரேகை வாங்குவது முறையல்ல. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பதிவு எங்கே வைக்கப்படும், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் நிலத்துக்குள் போவதானால் ஆபீஸில் ஒரு கடிதமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏற்படக்கூடிய தடைகள் என்ன என்று பாரத்தில் ஒரு கேள்வி இருந்தால், மழை, போக்குவரத்து என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான தடை வேறு. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடுவதைப் பல பாட்டிமார்கள் அபசகுனமாக நினைப்பார்கள். கேட்டதும் எழுந்து போய்விடக்கூடும். கோயில் மரத்தடியிலோ பொது மண்டபத்திலோ வைத்துப் பாடச் சொல்லலாம், பாடாமல் வரிகளை மட்டும் சொல்லச் சொல்லலாம், அதுவும் முடியாவிட்டால் தாலாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மாணவி எழுதியிருந்தால், களம் தெரிந்தவர் எழுதிய விண்ணப்பம் என்பது படிப்பவருக்கு அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

நேரக் கணக்கும் இங்கேதான் தவறும். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரமாவது ஆகும். பல்லில்லாத வாயில் பாடிய பாட்டென்றால் இன்னும் கூடும். பயணத்துக்கு மூன்று மாதம், எழுத ஒரு வாரம் என்று போட்டவர்கள் கடைசியில் பதிவை அப்படியே பென்டிரைவில் வைத்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

குறும்படம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. லயத்துக் காட்சிக்குப் பின்னால் இளையராஜா பாட்டைப் போட்டால் மனம் உருகும்தான். ஆனால் உரிமை இல்லாத இசை உள்ள படத்தைப் பல்கலைக்கழகம் வெளியில் திரையிடத் தயங்கும். இசைக்கல்வி படிக்கும் நண்பரிடம் சொல்லிப் புதிதாக மெட்டுப் போடச் செய்து, அவருக்கு ஒரு சிறு தொகையைக் கணக்கில் சேர்ப்பது நல்ல வழி. கவிதை நூலாக வெளியிடுபவர்கள் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தேசிய நூலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிடைக்காவிட்டால்

முதல் தடவை நிராகரிக்கப்படுவது சாதாரணம். காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வர வாய்ப்புண்டு. தொகை அதிகம், காலம் போதாது, மேற்பார்வையாளரின் கையெழுத்து இல்லை என்று திருத்தக்கூடிய காரணமாகவே அது இருக்கலாம். கேட்டதில் பாதி மட்டும் கிடைத்தால் எட்டுப் பேரை நான்கு பேராக்கி, அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். திருத்திய விண்ணப்பத்தை அடுத்த செமஸ்டரிலும் போடலாம்.

எப்படியானாலும் பாடப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வயது வாரியாக எழுதி வைத்துக்கொண்டு, எண்பதைத் தாண்டியவர்களை முதல் பயணத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.