முதியோரும் அன்றாட அலுவல்களும்

முதியோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர்களாகிய நாம் வேதம் வாசித்து, உடல்நிலையை விசாரித்து, ஜெபித்துத் திரும்புகிறோம். "இன்று காலை முதல் என்ன செய்தீர்கள்?" என்று வினவுவோர் சிலரே. மேய்ப்புப் பணியில் இவ்வினாவுக்கு உரிய இடம் உண்டு.

முதுமையில் மனிதன் சமுதாயப் பொறுப்புகளினின்று விலகுவது இயல்பே என்று கம்மிங், ஹென்றி என்னும் ஆய்வாளர் இருவர் 1961-இல் எழுதினர். இக்கொள்கை பின்னர் வன்மையாக மறுக்கப்பட்டது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு தளத்தில் வசித்தோரிடம், அவர்கள் காரியங்களை அவர்களே தீர்மானிக்கலாம் என்று வலியுறுத்தி, விரும்பினால் ஒரு செடியைத் தெரிந்தெடுத்துப் பேணுமாறு கூறினர். மற்றொரு தளத்தாருக்கும் செடி அளிக்கப்பட்டது. ஆயின் நீர் வார்ப்பது தாதியர் பொறுப்பு. மூன்று வாரங்களில் முன்னவரிடம் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் மிகுந்து காணப்பட்டன. (பதினெட்டு மாதங்களுக்குப் பின் அவர்களுள் மரணமும் குறைவு என்று அறிவிக்கப்பட்டது. அப்புள்ளிக் கணக்கில் பிழையுண்டென்று 1978-இல் ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டனர். ஆகவே பிரசங்க பீடத்தில் அதனை எடுத்தாளாதிருத்தல் நலம்.)

நான் இதை அறிந்திருந்தும் தவறினேன். என் சபையில் விதவைத் தாயார் ஒருவர் திருவிருந்து மேசையின் விரிப்புகளைப் பல்லாண்டுகளாகத் துவைத்துத் தேய்த்து, சனிக்கிழமைதோறும் ஆலயத்திற்குக் கொண்டுவருவார். வயது எழுபத்தைந்தைக் கடந்ததென்று இரங்கி, அப்பணியை வாலிபர் சங்கத்தாரிடம் ஒப்புவித்தேன். சில மாதங்கள் சென்று வீட்டில் கண்டபோது, "எனக்கு இப்போது சனிக்கிழமை எதுவென்றே தெரிவதில்லை, ஐயா" என்றார்.

அவர் இழந்தது வேலையை மட்டுமன்று. வாரத்தின் ஒழுங்கும், கோயில்பிள்ளையின் மனைவியோடு திண்ணையிலிருந்து உரையாடும் அரைமணி நேரமும், தாம் வராவிடில் ஒரு காரியம் நின்றுபோகும் என்ற உணர்வும் ஒருங்கே அகன்றன. ஜெபமும் வீட்டு நற்கருணையும் இவற்றிற்கு ஈடாகா. 1 தீமோத்தேயு 5-இல் அறுபது வயதான விதவையருக்கு நற்சாட்சியாகக் கூறப்படுபவற்றுள் சில யாவை? பிள்ளை வளர்த்தல், அந்நியரை உபசரித்தல், கால்களைக் கழுவுதல். யாவும் வீட்டு அலுவல்களே.

இதனைச் சாக்காகக் கொண்டு, பேரப்பிள்ளைகளின் பாரம் முழுவதையும் விருப்பமறியாமல் பாட்டியர்மேல் சுமத்துவோரும் உளர். லாங்கரின் ஆய்வில் தெரிந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்தே அளிக்கப்பட்டது என்பதை அவர்கள் மறக்கலாகாது.

அத்தாயாரிடம் மன்னிப்புக் கேட்டு, விரிப்புகளைத் திரும்ப ஒப்புவித்தேன். கண் மங்கியதால் தேய்ப்பதை மட்டும் வாலிபப் பெண்ணொருத்தி செய்கிறாள். மடிப்பு சரியில்லையென்று அவளைச் சனிக்கிழமைதோறும் கடிந்துகொள்கிறார்.