நூலக நோட்டீஸ்: ரோஸ் தாளிலிருந்து வாட்ஸ்அப் வரை

டிரெடில் மெஷினில் அச்சடித்த பழைய நூலக வார விழா நோட்டீஸைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது தாளின் நிறம்தான். ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை என ஏதோ ஒரு மலிவுத் தாள், டெமி தாளை எட்டாக வெட்டிய அளவு, கறுப்பு மை. இரண்டாவது வண்ணம் வேண்டுமென்றால் அதே தாளை மறுபடியும் மெஷினில் விட வேண்டும், கூலியும் ஏறும். அதனால் வண்ணத்துக்குத் தாளே போதும் என்று விட்டுவிட்டார்கள். பேச்சாளரின் முகம் வேண்டுமென்றால் தனியாக பிளாக் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு யோசித்தே பெரும்பாலானவற்றைப் படமில்லாமல் அச்சிட்டார்கள். தலைப்புக்கு 36 பாயிண்ட், பேச்சாளர் பெயருக்கு 24, மற்றதெல்லாம் 12. கையில் இருக்கும் ஈய எழுத்தைப் பார்த்து அச்சுக்கோப்பவரே அளவை முடிவு செய்வார். 1978இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய நோட்டீஸ் என்றால் ‘லை’யும் ‘னை’யும் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது.

உள்ளே இருப்பது தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை, கடைசியில் ‘அனைவரும் வருக’. வருகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட இருக்காது. ஆனாலும் கூட்டம் வந்தது. நோட்டீஸோடு ஓர் ஆளும் போனதுதான் காரணம். வாசகர் வட்டத்து இளைஞர் டீக்கடையில் நீட்டும்போதே, “சாயங்காலம் நம்ம லைப்ரரியில பட்டிமன்றம், பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்கண்ணே” என்பார். தாள் சொல்லாததை அவர் வாய் சொல்லிவிடும். அதற்கும் முன்னால், 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தையே ஊர் ஊராக அனுப்பினார். வண்டி தெருவுக்குள் நுழைவதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

இன்று அந்த இளைஞரின் வேலையையும் சேர்த்து ஒரு படம் செய்ய வேண்டியிருக்கிறது. கேன்வா செயலியில் அரை மணி நேரத்தில் தயாராகி, வாட்ஸ்அப் குழுவில் விழுந்து, கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளுவதற்குள் தன் சேதியைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். முகம் போடுவதற்கு இப்போது தனிச் செலவு இல்லை, ஆகவே ஏழெட்டு முகங்கள் வந்துவிட்டன. தலைமைக்கு ஒரு வட்டம், முன்னிலைக்கு இரண்டு, வாழ்த்துரைக்கு மூன்று. நிகழ்ச்சியின் தலைப்பும் நேரமும் அந்த வட்டங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கின்றன. கருவி மாறியும் வரிசை மரியாதை மாறவில்லை என்பதே எனக்குள்ள பெரிய வருத்தம். ஊர்மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அழைப்பிதழில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.

ஒரு கிளை நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ‘கதை கேட்க வாங்க!’ என்று பெரிய எழுத்தில் போடலாம். கீழே, ‘6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு. சனிக்கிழமை காலை 10.30 முதல் 11.30 வரை. கட்டணம் இல்லை. உறுப்பினராக இல்லாவிட்டாலும் வரலாம்’ என்று எழுதினால், வீட்டில் ஒரு தாய்க்கு வரும் சந்தேகங்கள் பாதி தீர்ந்துவிடும். அதிலும் அந்தக் கடைசி வாக்கியத்தை விடவே கூடாது. கார்டு இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்து வாசலோடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு படம் போதும். அது பிள்ளைகள் கதை கேட்கும் படமாக இருக்கட்டும். கிழமையோடு தேதி, மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். ‘வரும் ஞாயிறு’ என்று போட்ட படம் நிகழ்ச்சி முடிந்த பிறகும் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பேசிக்கு அனுப்பும் படத்தில் கியூஆர் கோடு வைப்பதும் பலருக்குத் தொல்லைதான், அதை ஸ்கேன் செய்ய இன்னொரு போன் தேடுவார்கள். அதைச் சுவரொட்டியில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் இடம் காட்டும் இணைப்பைத் தனியே அனுப்பலாம்.

படத்தோடு அதே விவரத்தைத் தட்டச்சு செய்தும் அனுப்ப வேண்டும். பார்வையற்ற வாசகரின் போன் எழுத்தாக இருப்பதைத் தடையில்லாமல் படித்துக் காட்டும், படத்துக்குள் இருக்கும் எழுத்தில் தடுமாறும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவே இருக்கிறது. அந்த வாசகர்களுக்கும் அழைப்பு போய்ச் சேர வேண்டாமா? அந்த நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. பெயர் மாறாமல், சனிக்கிழமை மாலை என்ற வழக்கமும் மாறாமல் நடத்தினால், அழைப்பிதழில் பேச்சாளரையும் பொருளையும் சொன்னாலே போதும்.

வாட்ஸ்அப்பில் இல்லாத பெரியவர்களும் குழுவில் சேராத வீடுகளும் எல்லா ஊரிலும் இருக்கத்தான் செய்கின்றன. நவம்பர் 14இல் தொடங்கும் நூலக வார விழாவுக்கு ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் நூறு பிரதி எடுத்து, ரேஷன் கடை, பால் பூத், பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல் என்று ஒட்டினால் பெரிய செலவில்லை. ஒட்டப் போகிற ஆள் அங்கே நிற்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும்.