ஆளில்லாத் தீவின் அனல்

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி அந்தமான் கடலில் இருக்கிறது பாரன் தீவு. இந்தியாவில் இன்றும் அடங்காத எரிமலை இது ஒன்றுதான். குறுக்கே 3 கி.மீ. இருந்தால் அதிகம். குடியிருப்போர் யாருமில்லை; ஆடுகள் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்த மலை 1991-இல் மறுபடி வெடித்தது. 2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் கப்பலில் அந்தப் பக்கம் போயிருந்ததால், அது சாம்பல் கக்குவதை நேரிலேயே பார்த்தார்கள். மற்ற நாட்களில் யார் பார்ப்பது?

நாசா 1999-இல் ஏவிய டெர்ரா, 2002-இல் ஏவிய அக்வா என்ற செயற்கைக்கோள்கள் பார்த்து வந்திருக்கின்றன. இரண்டிலும் மோடிஸ் என்ற ஒரே வகைக் கருவி. மேகம், கடல், காடு எல்லாவற்றையும் அளக்க வந்த கருவி அது, எரிமலைக்கென்றே செய்ததல்ல. அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. தீவு முழுவதுமே ஏறக்குறைய பத்துப் புள்ளிதான். அதில் ஒரு வீட்டுமனை அளவு நெருப்புக் குழம்பு எப்படித் தெரியும்?

தெரிகிறது. சூடு ஏற ஏற, ஒரு பொருள் வீசும் கதிர் குறுகிய அலைநீளத்துப் பக்கம் நகரும். 27 டிகிரித் தரையோடு ஒப்பிட்டால் 930 டிகிரிக் குழம்பு, 12 மைக்ரான் அலைநீளத்தில் சுமார் 30 மடங்குதான் கூடுதலாக ஒளிரும். 4 மைக்ரானிலோ 8,000 மடங்குக்கு மேல்! ஆகவே ஒரு புள்ளிக்குள் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் குழம்பு இருந்தாலே 4 மைக்ரான் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். 12 மைக்ரானில் அரை சதவீதம்கூட ஏறாது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மோட்வால்க் மென்பொருள் தேடுகிறது. உலகம் முழுவதையும் ஆள் துணையில்லாமல் சலித்து, சூடான புள்ளிகளைப் பட்டியலிடுகிறது. எளிய கணக்கு, அதுதான் அதன் அழகு. பகலில் சூரிய ஒளியும் 4 மைக்ரானில் பட்டுத் திரும்பிக் கணக்கைக் குழப்பும் என்பதால் இரவுப் படத்துக்கே மதிப்பு அதிகம். காட்டுத்தீயையும் எண்ணெய்க் கிணற்றுச் சுடரையும் பிரித்தறிவது வேறிடங்களில் தலைவலி. நடுக்கடல் பாரனில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே குறைவு.

குழம்பின் மேல்தோல் சில நிமிடங்களிலேயே கறுத்து ஆறத் தொடங்கிவிடும் என்பதால் அடிக்கடி பார்ப்பது முக்கியம். சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் 20 மீட்டர் நுணுக்கத்தில் அதன் ஓட்டத்தையே வரைந்து காட்டும்; ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கம் வரும். எல்லாவற்றுக்கும் பெரிய இடைஞ்சல் மேகம். அடைமழைக் காலத்தில் பட்டியலில் பாரன் இல்லையென்றால், மலை அடங்கிவிட்டது என்று யாரும் எழுதிவிட முடியாது.